சின்னவனுக்குச் சூடு ஏறினால்

1

போன வாரம் விடுதியிலிருந்து எங்கள் பெரியவனுடைய ஆண்டு அறிக்கை வந்தது. ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, உடம்புச் சூடு ஒரே சீராக இருக்கிறது, மூச்சு நன்றாக வருகிறது, வாழ்த்துகள் என்று எழுதி, மெழுகுவர்த்தி வைத்த கேக் படம் ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு வரி: ‘உங்களிடம் இன்னொருவர் இருப்பதாக அறிகிறோம். அவரையும் எங்களிடம் சேர்த்தால் கட்டணத்தில் சலுகை உண்டு.’

பெரியவன், சின்னவன் என்றதும் எனக்கு இரண்டு பையன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இருப்பது ஒரே மகள், இனியா, பதின்மூன்று வயது. பெரியவனும் சின்னவனும் கிரிப்டோ நாணயம் தோண்டும் இரண்டு மெஷின்கள். பெயர் வைத்தது கொல்லிமலையில் இருக்கும் என் அம்மா. வாயில் நுழையாத மாடல் எண்ணைச் சொல்லி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, “பெரியவன், சின்னவன்னு சொல்லு கண்ணு, எனக்குப் புரிஞ்சுரும்” என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எங்களுக்கு வேறு பெயர் வரவில்லை.

பெரியவன் நார்வேயின் வடக்கே, ஒரு கடற்கரை ஊரில், மெஷின்களைப் பராமரிக்கும் விடுதியில் இருக்கிறான். சின்னவன் கொல்லிமலையில், அரியூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில், என் தம்பி முருகேசன் வீட்டில், மிளகு மூட்டை அடுக்கும் அறையில் இருக்கிறான். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் ஊர்க்காரர்கள் சிலர், வீட்டில் வைப்பது நல்லதா, விடுதியில் விடுவது நல்லதா என்று என்னை வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் இங்கே நார்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணினிக்கும் எனக்கும் தூரம் அதிகம். உடன் வேலை செய்தவர் ஒருவர் வேறு நாட்டுக்குப் போகும்போது இரண்டு மெஷின்களையும் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் நாணயப் பரிமாற்றங்களைச் சரிபார்க்க ஒரு பெரிய கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மெஷின்களும் அதில் ஒரு கை கொடுக்கும். கூலியாக நாணயத்தில் ஒரு துளி கிடைக்கும். எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான். அதற்கு வேண்டியது கரண்ட்டும் காற்றும். இன்டர்நெட் கொஞ்சம் இருந்தால் போதும்.

இரண்டையும் வீட்டின் நிலவறையில் வைத்தேன். ஒரு பக்கம் குளிர்ந்த காற்றை இழுக்கும், மறுபக்கம் அனல்காற்றைத் தள்ளும். சத்தத்தில் மட்டும் மாவு மில் தோற்றது. ஆனாலும் அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் யாருடைய கையுறையும் ஈரமாக இருந்ததில்லை. பனியில் விளையாடிவிட்டு வரும் இனியா, நேராக நிலவறைக்கு இறங்கி, எல்லாவற்றையும் கழற்றிப் பெரியவன் முன்னால் போட்டுவிடுவாள்.

எதிர் வீட்டுக்காரர் நகராட்சியில் புகார் கொடுத்தார். வந்த அலுவலரிடம் எனக்குத் தெரிந்த நார்வே மொழியில், “நிலவறையில் சின்னதாக ஒரு சுரங்கம் வைத்திருக்கிறேன்” என்று பணிவாகச் சொன்னேன். அவர் பதறிப்போய், “எவ்வளவு ஆழம்?” என்று கேட்டார். இனியா குறுக்கே புகுந்து விளக்கியிருக்காவிட்டால் சுரங்கத் துறையிலிருந்தும் ஆள் வந்திருக்கும். அன்றிலிருந்து அலுவலகப் பேச்சு எதுவானாலும் அவள்தான் எனக்கு வாய். அவளுடைய தமிழ் தேயத் தேய நார்வே மொழி வளர்ந்துவிட்டது. எனக்குப் பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

சத்தத்தைக் குறை, இல்லாவிட்டால் வெளியேற்று என்று உத்தரவு வந்தது. பெரியவனை விடுதியில் சேர்த்தேன். வரிசை வரிசையாக அடுக்கு, குளிர்ந்த காற்று, தூசி வடிகட்டி, காவல், எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்போது சின்னவனுக்கு அங்கே இடமில்லை. இதைத் தம்பியிடம் சொன்னதுதான் தாமதம், “நம்மூட்டுக்குக் கொண்டாங்கக்கா! இங்க எந்நேரமும் சில்லுன்னுதானே இருக்குது. பக்கத்துல ஊடும் இல்ல, கத்துனாக் கத்தீட்டுப் போவுது” என்றான்.

3

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சின்னவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹீட்டரா, ஸ்பீக்கரா என்று கேட்டார். கணக்குப் போடும் மெஷின் என்றேன். தீர்வை கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் என்னை வரவேற்க வந்த தம்பி இரண்டு தடவை தூங்கி எழுந்திருந்தான்.

அதைவிடக் கஷ்டம் மின்சார அலுவலகத்தில் இருந்தது. ‘பம்ப்செட் லைன்லயே மாட்டிக்கிட்டா காசே இல்லீங்களே’ என்று உறவில் ஒருவர் யோசனை சொன்னார். விவசாயத்துக்குத் தரும் இலவச கரண்ட்டில் நாணயம் தோண்டினால் போலீஸ் நம்மைத் தோண்டும் என்று சொல்லி, தனி மீட்டருக்கு மனு கொடுத்தோம். அலுவலர் நல்ல மனிதர். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் தவித்தார்.

“ஏனுங்க, இது என்னத்தையாவது அரைக்குமுங்களா?”

“இல்லீங்க.”

“நெய்யுமா?”

“இல்லீங்க, கணக்குப் போடும்.”

“கணக்குப் போடறதுக்கு எதுக்குங்க இத்தன கரண்ட்டு? எம் பையன் ஒரு பல்பு வெளிச்சத்துல போடறான்.”

மூன்று நடைக்குப் பிறகு கடைகளுக்கான மீட்டர் கிடைத்தது. நான் திரும்பும் முன் முருகேசனை உட்காரவைத்து விதிகளைச் சொன்னேன். ஈரக்கையோடு தொடக்கூடாது. அறைக் கதவைத் திறந்து போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனல்காற்று வெளியேறும் வாயை எதுவும் மறிக்கக்கூடாது. “சரீங்கக்கா, சரீங்கக்கா” என்று அவன் தலையாட்டிய வேகத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

4

இரண்டு மெஷின்களின் சூட்டையும் கைபேசியில் பார்க்கலாம். ஆளுக்கொரு கோடு. காலையில் வேலைக்குப் போகும் பேருந்தில் அதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரியவனின் கோடு அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேராகப் போகும். சின்னவனின் கோடு அப்படி இல்லை. மலையில் கரண்ட் போனால் தொப்பென்று விழும். திரும்ப வந்தால் எழும். அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

ஆனால் தை பிறந்ததும் புதுக் கூத்து ஆரம்பித்தது. காலையில் சூடு ஏறும், பொழுது சாயும்வரை இறங்காது. அடுத்த நாள் அமைதி. அதற்கடுத்த இரண்டு நாள் மறுபடி ஏற்றம். தம்பியை அழைத்தேன்.

“முருகேசா, அங்க வெயிலா?”

“வெயிலா? மஞ்சு கொட்டுதுங்கக்கா. காலமில்லாத காலத்துல மழ வேற.”

“அப்புறம் ஏன் சூடு ஏறுது?”

“அதுதாங்கக்கா எனக்கும் ஒண்ணும் புரியல.”

குளிர் கூடக் கூடச் சூடு ஏறும் மெஷினை நான் கேள்விப்பட்டதில்லை. விடுதிக்காரர்களிடம் கேட்டேன். காற்றாடி பழுதாகியிருக்கலாம், நேரில் பாருங்கள் என்றார்கள். எனக்கும் விடுப்பு மீதி இருந்தது. யாருக்கும் சொல்லாமல் டிக்கெட் போட்டேன். இனியா வர மறுத்துவிட்டாள். “அங்க என்ன இருக்கு? மழையும் மாமாவும்தானே?” என்று கேட்டுவிட்டு அப்பாவோடு இருந்துகொண்டாள்.

5

பேருந்து வளைவு வளைவாக ஏறி, தலை சுற்றி நான் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக் கதவைத் திறந்தது தம்பி மனைவி வளர்மதி. அவளைப் பார்த்ததும் மெஷின் மறந்துபோயிற்று. அவளுக்கு வயிறு தெரிந்தது.

“நங்கையா!” என்று திகைத்து நின்றாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“எத்தனையாவது மாசம்?”

“அஞ்சு முடியப்போவுதுங்க” என்றாள் தரையைப் பார்த்து.

வாரத்துக்கு மூன்று தடவை வீடியோவில் பேசுகிறேன். ஐந்து மாதமாக அவளைக் கழுத்துவரைதான் காட்டியிருக்கிறார்கள். அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். முன்னே இரண்டு தடவை கலைந்துபோயிருந்ததாம், அதுவும் எனக்கு அப்போதுதான் தெரியும். “கெட்டிப்படட்டும்னு இருந்தோஞ் சாமி. அத்தனை தொலைவுல இருக்கற புள்ள, கேட்டாப் பயந்துக்குவயேன்னு” என்றாள் அம்மா.

இந்த வாக்கியத்தை நான் நன்றாக அறிவேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் எனக்குச் ‘சளிதான்’ என்றார்கள். பயந்துகொள்வேன் என்று அப்படிச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னபோது நான் விமானம் பிடித்து வந்துசேர நேரம் போதவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுச் செய்தி எல்லாம் வெந்து, ஆறி, பத்திரமாகத்தான் வந்துசேரும். அவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அன்பு என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக விருந்தாளியாக்கிக்கொண்டிருந்தது. எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேறு எதுவும் இல்லை.

கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமே. “சின்னவன் எங்கே?” என்று மிளகு அறைக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே சின்னவனைக் காணவில்லை. அவன் இருக்க வேண்டிய பக்கத்தில் மூங்கில் தட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. தட்டு முழுக்க மிளகு. கீழே ஒரு பாயில் காப்பிக்கொட்டை. குறுக்கே கட்டிய கயிற்றில் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை. எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து சின்னவன் உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருந்தான். அறை முழுவதும் காரமும் மணமுமாக இருந்தது. நான் அடுக்கடுக்காகத் தும்மினேன். தும்மல் சத்தம் கேட்டு முருகேசன் ஓடிவந்தான்.

“அக்கா, எப்ப வந்தீங்க?”

“என்னடா இது?”

“மொளகுங்கக்கா.”

“அது தெரியுது.”

“பறிச்சு முடிக்கறப்ப மழ புடிச்சுக்கிச்சு. வாசல்ல போட்டா பூஞ்சை புடிச்சுருமுங்க. வருசம் பூராப் பட்ட பாடு. இவன் எந்நேரமும் சும்மா ஊதீட்டே இருக்கானேன்னு ஒரு தட்டு வெச்சுப் பார்த்தேன். அருமையாக் காஞ்சுது. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கேட்டாங்க, இல்லைன்னு சொல்ல முடியுங்களா?”

“எதையும் முன்னால வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

அவன் சற்று நேரம் தரையைக் காலால் தேய்த்தான். பிறகு உண்மையாகவே புரியாதவனைப் போலக் கேட்டான்: “ஊட்டுல இருக்கறவன் ஊட்டு வேல செய்ய வேண்டாங்களாக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நார்வேயில் பெரியவன் முன்னால் கையுறை காயப்போட்ட குடும்பம் நாங்கள், எந்த வாயால் திட்டுவது? ஆனாலும் சேதம் சேதம்தான். மிளகுத் தூசி உள்ளே போய், கணக்குப் போடும் மூன்று மின்பலகைகளில் ஒன்று செத்துவிட்டிருந்தது. அடுத்த விடுப்பில் வந்து சின்னவனைக் கூட்டிப்போய் விடுதியில் சேர்த்துவிடுவேன், அதுவரை அவன் முன்னால் ஒரு துரும்பு இருக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். முருகேசன் முகம் சுண்டிப்போயிற்று. “மொளகு முடிஞ்சுதுங்கக்கா. இனி ஒண்ணும் வெக்கமாட்டேன்” என்று அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

6

விடுதி என்றால் எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து நாமக்கல்லில் ஹாஸ்டலில் படித்தவள் நான். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு வளர்ந்தேன். அங்கிருந்து மாதம் ஒரு கார்டு வீட்டுக்குப் போகும்: ‘மாணவி நலம்.’ பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பூசணிக்காயாக உப்பிக் கிடந்த மாதமும் அதே இரண்டு சொல்தான் போயிற்று. பெரியவனைப் பற்றி வாராவாரம் வரும் அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கார்டு நினைவுக்கு வரும். குறை சொல்லவில்லை. அவன் அங்கே உண்மையிலேயே நலம். ஆனால் அந்த நேர்கோட்டில் நான் தெரிந்துகொள்ள எதுவும் இருப்பதில்லை.

ஊரிலிருந்து கிளம்பும் முன் வளர்மதியிடம், குழந்தைக்கு நார்வேயிலிருந்து கம்பளிச் சட்டையும் குல்லாவும் அனுப்புகிறேன் என்றேன். அம்மா இடையில் புகுந்தாள்.

“பொறக்கறதுக்கு முன்னால ஒரு நூலுகூட வாங்கக்கூடாது சாமி. ஏற்கெனவே ரெண்டு தடவ பட்டாச்சு.”

“அப்புறம் பிள்ளைக்கு எதைச் சுத்துவீங்க?”

“ஏம் பழைய சீலை இருக்குதல்ல? வலி எடுத்த பொறவு கிழிச்சு, அலசிப் போட்டாப் போச்சு.”

“மழையா இருந்தா எப்படிக் காயும்?”

“அதெல்லாம் பாத்துக்கலாம் போ.”

வளர்மதிக்கு அம்மா இல்லாததால் பிரசவத்தை எங்கள் வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. “வலி வந்தா எனக்கு உடனே சொல்லணும்” என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொருவரும் சரி என்றார்கள். ஒருவர் முகத்தையும் நான் நம்பவில்லை.

7

திரும்பி வந்து இனியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூடு ஏறினால் ஊரில் மழை, தட்டில் மிளகு என்று கேட்டதும் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. ஊர்ப் படங்களைக் காட்டினால் இரண்டாவது படத்தில் எழுந்து போகிறவள், சின்னவனின் கோட்டைத் தன் கைபேசியிலும் ஏற்றிக்கொண்டாள். “அம்மா, சின்னவன் விழுந்துட்டான். மாமா வீட்டில கரண்ட் இல்ல” என்று பள்ளியிலிருந்து செய்தி அனுப்புவாள். தமிழ் எழுத்தில் அனுப்புவாள். அதில் இருக்கும் பிழைகளை நான் திருத்துவதில்லை.

முருகேசன் சத்தியத்தைக் காப்பாற்றினான். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, கோடு சமர்த்தாகக் கிடந்தது. ஆனியில் சாரல் பிடித்தது. அப்போதும் சூடு ஏறவில்லை.

பிறகு ஒரு காலை. நான் பேருந்தில் இருந்தேன். இனியாவிடமிருந்து செய்தி வந்தது: ‘அம்மா சின்னவனுக்கு சூடு. மிளகு இல்லயே. என்ன காயுது?’

கோட்டைத் திறந்தேன். ஏறிக்கொண்டிருந்தது. மிளகு எப்போதோ மூட்டையாகிவிட்டது. காப்பியும் முடிந்தது. அம்மா தலைமேல் அடித்த சத்தியத்தை உடைத்து அப்படி என்னத்தை அவசரமாகக் காயவைக்கிறான்? அடுத்த நிறுத்தம் வரும் முன்பே எழுந்து கதவருகே போய் நின்றேன். இறங்கி, சாலையோரம் நின்று அழைத்தேன்.

“அக்கா, வேலைக்குப் போவலீங்களா?” அவன் குரல் அளவுக்கு மீறி இயல்பாக இருந்தது.

“முருகேசா, சின்னவன் முன்னால என்ன தொங்குது?”

“மழைச் சத்தத்துல கேக்கலீங்கக்கா” என்றான். தகரத்தில் மழை விழும் சத்தம் எனக்கும் கேட்டது.

“சொல்லுடா.”

“அம்மா சீலைங்கக்கா.”

“முழுச் சீலையா, கிழிச்ச சீலையா?”

“கிழிச்சதுங்க” என்றான். அதற்குமேல் அவனால் நடிக்க முடியவில்லை. “விடியக் காலம் வலி எடுத்துருச்சுங்கக்கா. ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்குது, செம்மேடு ஆஸ்பத்திரிக்குப் போறோம். பொறந்ததும் சொல்லிக்கலாம்னு அம்மாதான்...”

அம்மா கைபேசியைப் பிடுங்கினாள். “ஏஞ் சாமி, உனக்கு ஆரு சொன்னா?”

“சின்னவன் சொன்னாம்மா.”

மறுமுனையில் அம்மா சிரித்தாள். வலிக்கு நடுவில் வளர்மதியும் சிரித்தது கேட்டது. “நங்கையா, போனை வெச்சுராதீங்க” என்றாள் அவள். நான் வைக்கவில்லை. வேலைக்குத் தாமதமாக வருகிறேன் என்று முதியோர் இல்லத்துக்குச் சொல்லும்படி இனியாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஆம்புலன்ஸ் வந்தது, ஏறினார்கள், வளைவில் திரும்பினார்கள், எல்லாவற்றிலும் முருகேசனின் சட்டைப்பையில் நான் கூடவே போனேன். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று அங்கிருந்தே வளர்மதிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். நர்ஸ் அல்லவா, அதற்காவது உதவினேன். சாலையில் போனவர்கள், நடைபாதையில் நின்று தமிழில் மூச்சிரைக்கும் பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அங்கே மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. முதல் அழுகையை நான் கேட்டேன். என் வீட்டுச் செய்தி ஒன்று ஆறிப்போகாமல், சுடச்சுட எனக்கு வந்தது அதுவே முதல் தடவை.

8

ஆகவே, கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். நாணயம் வேண்டுமென்றால் விடுதியில் சேருங்கள். தூசி இல்லை, புகார் இல்லை, கோடு நேராகப் போகும். வீட்டில் வைத்தால் சத்தம், கரண்ட் வெட்டு, உறவுக்காரர்களின் ஈரத்துணி எல்லாம் உண்டு. சின்னவன் இப்போது இரண்டு பலகையோடு சம்பாதிப்பது அவன் தின்கிற கரண்ட்டுக்கே பத்துமா என்பது சந்தேகம்.

விடுதிக்குப் பதில் எழுத நேற்று இனியாவோடு உட்கார்ந்தேன். ‘நன்றி, இன்னொருவரை அனுப்ப இயலாது’ என்று சொல்லி எழுதவைத்தேன். காரணம் கேட்பார்களே என்றாள். நீயே ஏதாவது எழுது என்றேன். அவள் யோசித்து நார்வே மொழியில் ஒரு வரி அடித்து, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்: “அவனுக்கு வீட்டில வேலை இருக்கு.”

இன்று காலையும் பேருந்தில் கைபேசியைப் பார்த்தேன். வழக்கமான நேரத்தில் சின்னவனுக்குச் சூடு ஏறத் தொடங்கியது. நான் யாரையும் அழைக்கவில்லை. அரியூர் நாட்டில் மழை பெய்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள்.